என். சந்திரசேகர ஐயர்

என். சந்திரசேகர ஐயர் இந்திய நீதிபதியும் சட்ட அறிஞரும் ஆவார். சென்னை உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் பணியாற்றிய இவர், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தொகுதி எல்லை வரையறை ஆணையத்திற்குத் தலைமை வகித்தார்.

வாழ்க்கை

இவர் 1888 சனவரி 25 அன்று பிறந்தார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றபின், மெயின் எழுதிய இந்துச் சட்ட நூலின் 11ஆம் பதிப்பைப் பதிப்பித்தார். அது 1950இல் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 65 வயது நிறைவடைந்ததால் 1953 சனவரியில் ஓய்வு பெற்றார்.

நாமக்கல் வழக்கு

முதல் பொதுத்தேர்தலின்போது, அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த நாமக்கல் சட்டமன்றத் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. இதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 1952 சனவரி 21 அன்று தள்ளுபடி செய்தது. தீர்ப்பளித்த ஆறு நீதிபதிகளுள் சந்திரசேகர ஐயரும் ஒருவர். அரசியலமைப்பின் 329ஆம் பிரிவின்படி, தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனு வழியாக மட்டுமே அதனை எதிர்க்க இயலும் என்பது தீர்ப்பின் சாரம். தொகுதி எல்லைகளை வகுக்கும் சட்டங்களையும் இதே பிரிவு நீதிமன்ற விசாரணைக்கு அப்பாற்பட்டவையாக்குகிறது. ஆகவே எல்லையை வகுப்பவர் நடுநிலையாளராக இருப்பது இன்றியமையாததாகிறது.

எல்லை வரையறை ஆணையம்

முதல் பொதுத்தேர்தலுக்கான எல்லைகள் குடியரசுத் தலைவரின் ஆணைகளால் வகுக்கப்பட்டன. அவற்றைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருந்தது. இதனால் போட்டியிடுவோரே தத்தம் தொகுதி எல்லைகளை மாற்ற வழி ஏற்பட்டது. இக்குறையைக் களைய 1952இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த ஆணையத்தில் பணியிலுள்ள அல்லது ஓய்வு பெற்ற நீதிபதிகள் இருவரும், பதவி வழியாகத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னும் இடம்பெற்றனர். மக்கள் பிரதிநிதிகள் இணை உறுப்பினர்களாகக் கருத்துக் கூறலாம், வாக்களிக்க இயலாது. வரைவு முன்மொழிவுகள் வெளியிடப்பட்டு, பொதுமக்களின் கருத்துகள் கேட்கப்பட்டன. ஆணையத்தின் இறுதி ஆணையை நாடாளுமன்றம் திருத்த முடியாது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் இவ்வாணையம் வகுத்த எல்லைகள், மாநிலச் சீரமைப்பை ஒட்டி 1956இல் மாற்றியமைக்கப்பட்டன. அடுத்த ஆண்டுத் தேர்தலில் நாமக்கல் மக்களவைத் தொகுதியில் ஈ. வெ. கி. சம்பத் வென்றார்.

பின்விளைவு

1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் பெரும்பாலும் இதே அமைப்பைப் பின்பற்றின. இவற்றுள் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆணையத்தின் பணி 2008இல் நடைமுறைக்கு வந்தபோது, இராசிபுரம், திருச்செங்கோடு மக்களவைத் தொகுதிகள் நீக்கப்பட்டு, நாமக்கல் மக்களவைத் தொகுதி மீண்டும் உருவானது.