கடலில் தவித்தவர்களுக்கு வானத்திலிருந்து உதவி! ஹெலிகாப்டர் விஞ்ஞானி சிகோர்ஸ்கியின் கதை

1945–ம் ஆண்டு நவம்பர் 29–ந் தேதி.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கனெக்டிகட் என்று ஒரு மாநிலம் உண்டு. அங்கே பேர்பீல்டு என்ற ஊருக்கு எதிரே கடலில் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. அன்று கடும் புயல். எண்ணெய் ஏற்றும் பெரிய தோணி ஒன்று புயலில் அடித்து வரப்பட்டு, அந்தப் பாறைத்திட்டில் சிக்கிக் கொண்டது.

தோணியில் இரண்டு பேர் இருந்தார்கள். அலைகள் தோணியின் மேல் ஏறிப் புரண்டன. கரையில் நின்ற மக்கள் அந்த இருவரையும் பார்த்தார்கள். பார்க்க முடிந்ததே தவிர உதவ முடியவில்லை. அந்த அலையில் எந்தப் படகும் பாறையை நெருங்க முடியாது.

பக்கத்து ஊரில் ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கே புது மாதிரியான பறக்கும் இயந்திரம் செய்து கொண்டிருந்தார்கள். அந்தத் தொழிற்சாலைக்குச் செய்தி போயிற்று.

சிறிது நேரத்தில், தலைக்கு மேலே விசிறி சுழலும் ஒரு விமானம் புயலைக் கிழித்துக் கொண்டு வந்தது. தோணிக்கு நேர் மேலே வந்ததும், ஆணி அடித்தது போல் ஆகாயத்தில் நின்றது! அதிலிருந்து ஒரு கம்பி கீழே இறங்கியது. முதல் மனிதர் அதைப் பற்றிக் கொண்டார். மேலே தூக்கப்பட்டார். கரை சேர்ந்தார்.

விமானம் திரும்பிப் போயிற்று. இரண்டாவது மனிதரைத் தூக்கும்போது கம்பியைச் சுருட்டும் இயந்திரம் சிக்கிக் கொண்டது. அவர் அந்தரத்தில் தொங்கினார். தொங்கியபடியே அவரைக் கரைக்குக் கொண்டு வந்து பத்திரமாக இறக்கினார்கள்.

ஹெலிகாப்டரிலிருந்து கம்பி இறக்கி, கடலில் தவித்தவர்களைத் தூக்கிக் காப்பாற்றியது அதுவே முதல் தடவை என்று சரித்திரம் கூறுகிறது.

விமானத்தை ஓட்டியவர் ஜிம்மி வைனர். கம்பியை இறக்கித் தூக்கியவர் ராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் பெய்கில். அந்த விமானத்தை உருவாக்கியவர், வைனரின் தாய்மாமன். அவர் பெயர் இகோர் சிகோர்ஸ்கி.

தாய் சொன்ன கதை

சிகோர்ஸ்கி அமெரிக்காவில் பிறந்தவர் அல்ல. 1889–ம் ஆண்டு மே 25–ந் தேதி கீவ் நகரில் பிறந்தார். இன்று உக்ரைன் நாட்டின் தலைநகராக இருக்கும் கீவ், அன்று ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது.

தகப்பனார் மனோதத்துவப் பேராசிரியர். தாயார் வைத்தியம் படித்தவர். ஐந்து குழந்தைகளில் இகோர்தான் கடைக்குட்டி.

தாயார் அவனுக்கு லியோனார்டோ டாவின்சியின் கதையைச் சொன்னார். 400 ஆண்டுகளுக்கு முன்பே, திருகாணி போன்ற இறக்கையைச் சுழற்றி நேராக மேலே எழும்பும் இயந்திரம் ஒன்றை லியோனார்டோ படமாக வரைந்திருந்தார். அந்தப் படம் சிறுவனின் மனதில் பதிந்து விட்டது.

பன்னிரண்டு வயதில் இகோர் ஒரு பொம்மை செய்தான். ரப்பர் வளையத்தை முறுக்கி விட்டால் விசிறி சுழலும். பொம்மை மேலே எழும்பும்.

பொம்மை பறந்தது. ஆனால் மனிதன் ஏறிப் பறக்கும் இயந்திரம் செய்ய அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

பறக்காத இயந்திரம்

கடற்படைப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் படித்தார். பிறகு கீவ் நகரப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் விமானத்தில் பறந்த செய்தி அவர் காதுக்கு எட்டியது. அதன்பின் படிப்பில் மனம் செல்லவில்லை.

அக்காள் ஒல்கா பணம் கொடுத்தார். அந்தப் பணத்துடன் 1909–ம் ஆண்டு பாரிஸ் சென்று, 25 குதிரை சக்தி கொண்ட எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தார் சிகோர்ஸ்கி. வீட்டுத் தோட்டத்திலேயே ஹெலிகாப்டர் கட்டினார்.

இயந்திரம் ஆடியது. குலுங்கியது. தரையை விட்டு எழும்பவே இல்லை.

அடுத்த ஆண்டு இன்னொன்று கட்டினார். அது தன் சொந்த எடையை மட்டும் தூக்கியது. ஆளைத் தூக்கவில்லை.

எஞ்சினுக்குப் பலம் போதாது. தமக்கும் அறிவு போதாது. இந்த இரண்டையும் அந்த இருபத்தொரு வயது வாலிபர் ஒப்புக்கொண்டார். ஹெலிகாப்டரை ஒதுக்கி வைத்தார். இறக்கை கட்டிய சாதாரண விமானம் செய்யத் தொடங்கினார்.

கொசு கற்பித்த பாடம்

அந்த வேலையில் வெற்றி மேல் வெற்றி வந்தது.

ஒரு நாள் பறக்கும்போது எஞ்சின் திடீரென்று நின்று விட்டது. எப்படியோ சமாளித்துத் தரையிறங்கினார். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், பெட்ரோல் செல்லும் துளையில் ஒரு கொசு அடைத்துக் கொண்டிருந்தது!

ஒரு கொசுவால் ஓர் உயிர் போவதா? ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றவை ஓட வேண்டும் என்று அன்று அவருக்குத் தோன்றியது. 1913–ம் ஆண்டு நான்கு எஞ்சின்கள் கொண்ட பெரிய விமானத்தைப் பறக்க விட்டார். அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிய விமானம் ஒன்று தலைநகரிலிருந்து கீவ் வரை பறந்து திரும்பியது.

ஆனால் 1914–ம் ஆண்டே முதல் உலக யுத்தம் மூண்டது. பிரயாணிகளைச் சுமக்கப் பிறந்த விமானம் வெடிகுண்டுகளைச் சுமந்தது. அந்த ரகத்தில் 70–க்கு மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டன.

1917–ம் ஆண்டு ருஷ்யாவில் புரட்சி வெடித்தது. மறு ஆண்டு சிகோர்ஸ்கி தாய்நாட்டை விட்டு வெளியேறினார். 1919–ம் ஆண்டு மார்ச் 30–ந் தேதி நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கினார். புகழும் பணமும் ருஷ்யாவிலேயே தங்கி விட்டன.

கோழிப்பண்ணையில் விமானம்

விமானம் செய்தவருக்கு அமெரிக்காவில் வேலை கிடைக்கவில்லை. தம்மைப் போல் ஓடி வந்த ருஷ்யத் தொழிலாளர்களுக்குக் கணக்கு கற்றுக் கொடுத்து வயிற்றைக் கழுவினார்.

அந்த ஏழை மக்கள்தான் அவரைத் தூக்கி விட்டார்கள். தங்கள் சேமிப்பைத் தந்தார்கள். 1923–ம் ஆண்டு, நண்பர் ஒருவரின் கோழிப்பண்ணையில் விமானக் கம்பெனி பிறந்தது. புகழ் பெற்ற ருஷ்ய சங்கீத மேதை ராக்மானினாப் 5,000 டாலர் கொடுத்தார்.

சோதனைகளும் வந்தன. 1926–ம் ஆண்டு, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடப்பதற்காக அவர் கட்டிய பெரிய விமானம், புறப்படும்போதே நொறுங்கித் தீப்பிடித்தது. இருவர் இறந்தார்கள்.

ஆனாலும் கம்பெனி பிழைத்தது. தண்ணீரிலும் இறங்கக் கூடிய விமானங்களைச் செய்தது. சமுத்திரங்களைக் கடந்து பிரயாணிகளை ஏற்றிச் சென்ற பறக்கும் படகுகள் சிகோர்ஸ்கியின் பெயரை உலகெங்கும் பரப்பின.

ஐம்பது வயதில் பழைய கனவு

1938–ம் ஆண்டு மீண்டும் ஓர் இடி விழுந்தது. பறக்கும் படகுகளை வாங்க ஆள் இல்லை. சிகோர்ஸ்கியின் தொழிற்சாலைப் பகுதியை மூடுவதென்று பெரிய முதலாளிகள் முடிவு செய்தார்கள்.

சிகோர்ஸ்கி ஒரே ஒரு உதவி கேட்டார். தம்முடைய ஆட்களில் சிலரைத் தம்மிடம் விட்டு, ஹெலிகாப்டர் செய்ய அனுமதிக்க வேண்டும் என்றார். அனுமதி கிடைத்தது.

அதற்குள் ஜெர்மனியில் ஹெலிகாப்டர் பறந்து விட்டது. ஆயினும் தினசரி உபயோகத்துக்கு ஏற்ற எளிய இயந்திரம் ஒன்று தேவைப்பட்டது.

ஒரு பெரிய சிக்கல் இருந்தது. தலைக்கு மேல் விசிறி ஒரு பக்கம் சுழன்றால், விமானத்தின் உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். இதைத் தடுக்கப் பலர் இரண்டு பெரிய விசிறிகளை வைத்தார்கள். சிகோர்ஸ்கி ஒரே பெரிய விசிறியை வைத்தார். வாலில் ஒரு சிறு விசிறியைப் பக்கவாட்டில் பொருத்தினார். உடல் சுழல்வதை அந்தச் சிறு விசிறி தடுத்தது. இன்றும் பெரும்பாலான ஹெலிகாப்டர்கள் இந்த அமைப்பில்தான் பறக்கின்றன.

1939–ம் ஆண்டு செப்டம்பர் 14–ந் தேதி. தலையில் வழக்கமான தொப்பியுடன் சிகோர்ஸ்கி தாமே இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. கவிழ்ந்து விடாமல் இருக்க இயந்திரத்தைக் கயிறுகளால் கட்டியிருந்தார்கள். அது சில அங்குலம் எழும்பியது. சில விநாடி நின்றது. இறங்கியது.

கீவ் நகரத் தோட்டத்தில் எழும்பாத இயந்திரம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழும்பி விட்டது!

முதலில் அது மேலே போகும், பக்கவாட்டில் போகும், பின்னால் போகும். முன்னால் மட்டும் சரியாகப் போகாது. பலமுறை பிரித்து மாட்டினார்கள். 1941–ம் ஆண்டு மே மாதம் அது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் நின்று உலக சாதனை செய்தது.

அழிக்க அல்ல, காக்க

அப்போது இரண்டாவது உலக யுத்தம் நடந்து கொண்டிருந்தது. 1944–ம் ஆண்டு ஜனவரி 3–ந் தேதி, நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே டர்னர் என்ற போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. காயம் பட்டவர்களுக்கு உடனே ரத்த நீர் ஏற்ற வேண்டும். பனிப்புயலில் மற்ற விமானங்கள் புறப்பட முடியவில்லை.

கடலோரக் காவல் படையைச் சேர்ந்த பிராங்க் எரிக்சன், சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரில் இரண்டு பெட்டி ரத்த நீருடன் புறப்பட்டார். 14 நிமிடத்தில் கொண்டு போய்ச் சேர்த்தார்.

அதே ஆண்டு ஏப்ரல் மாதம், இந்தியாவின் அஸ்ஸாம் பகுதியிலிருந்து சென்ற ஒரு சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர், பர்மா காட்டில் சிக்கிய நான்கு பேரை ஒவ்வொருவராக மீட்டது. அடுத்த ஆண்டு நடந்ததுதான் மேலே சொன்ன தோணிச் சம்பவம்.

ஹெலிகாப்டரும் பிற்காலத்தில் துப்பாக்கி ஏந்திப் போருக்குப் போனது. ஆனாலும், தம் இயந்திரத்தால் காப்பாற்றப்பட்ட உயிர்களை நினைத்தே சிகோர்ஸ்கி பெரிதும் பெருமைப்பட்டார். குண்டு போட்ட விமானத்தைச் செய்த அதே கைகள், உயிர் காக்கும் விமானத்தையும் செய்ததில் அவருக்கு ஒரு நிறைவு.

1957–ம் ஆண்டு ஓய்வு பெற்றும் அவர் காரியாலயத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. 1972–ம் ஆண்டு அக்டோபர் 26–ந் தேதி காலமானார். வயது 83. அதற்கு முந்திய நாள்கூட அவர் வேலைக்கு வந்திருந்தார்.

கம்பி மட்டும் போதவில்லை

அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய இயந்திரத்துக்கு ஒரு பெரிய சோதனை வந்தது.

1983–ம் ஆண்டு பிப்ரவரி 12–ந் தேதி அதிகாலை. அமெரிக்காவின் வர்ஜீனியா கரைக்கு அப்பால் மரீன் எலக்ட்ரிக் என்ற நிலக்கரிக் கப்பல் மூழ்கியது. அதில் 34 பேர் இருந்தார்கள்.

கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் வந்தது. அது சிகோர்ஸ்கி கம்பெனி செய்தது. கூடை கீழே இறங்கியது. ஆனால் தண்ணீரில் கிடந்தவர்கள் அதில் ஏறவில்லை. உறைய வைக்கும் குளிரில் அவர்கள் கைகள் மரத்துப் போயிருந்தன. கண்ணுக்கு எதிரே கூடை இருந்தும் பற்ற முடியவில்லை.

பிறகு கடற்படை ஹெலிகாப்டரில் வந்த ஒரு நீச்சல் வீரர் கடலில் குதித்துத் தேடினார். பெரும்பாலானவர்களுக்கு அதற்குள் காலம் கடந்து விட்டது. 31 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் மூன்றே பேர்.

மேலே இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது, கீழே ஒரு மனிதனும் இருக்க வேண்டும் என்பதை அந்த இரவு காட்டியது. அதன் பின் அமெரிக்கக் கடலோரக் காவல் படை, ஹெலிகாப்டரிலிருந்து கடலில் இறங்கும் நீச்சல் வீரர்களைத் தயார் செய்தது. 1985–ம் ஆண்டு அவர்கள் வேலையில் இறங்கினார்கள்.

அவர்கள் குளிர் தாங்கும் உடை அணிகிறார்கள். முதலுதவி வைத்தியமும் படிக்கிறார்கள். நீரில் தவிப்பவன் பயத்தில் எதிரில் வருபவரைப் பிடித்து அமுக்கி விடுவான். ஆகவே பின்பக்கமாக நெருங்கி அவனைப் பிடிக்கக் கற்கிறார்கள். ஹெலிகாப்டரின் உடலில் மின்சாரம் சேரும். அதனால் கூடை முதலில் தண்ணீரைத் தொட்ட பிறகே அதைத் தொட வேண்டும். விசிறிக் காற்று கடல் நீரை வாரி முகத்தில் அடிக்கும். பேச்சுக் கேட்காது. கையசைத்துத்தான் சைகை காட்ட வேண்டும்.

கைகள் மரத்தவனைத் தூக்கிக் கூடையில் உட்கார வைப்பவர் அந்த நீச்சல் வீரர்தான். கூடை மேலே போகும். அவர் கடலிலேயே இருப்பார். மறுபடி கூடை வரும். அடுத்த ஆளை ஏற்றி விடுவார்.

எல்லோரும் போன பிறகு, கடைசியாக அவருக்காகக் கம்பி இறங்கும். அதுவரையில் அவர் தலைக்கு நேர் மேலே, காற்றிலும் மழையிலும், சிகோர்ஸ்கி கனவு கண்ட இயந்திரம் நின்ற இடத்திலேயே நின்று கொண்டிருக்கும்.