எழுத்தளித்த சீக்வோயா

தொண்டை நாட்டின் வட பகுதியில் விளங்குவது திருத்தணிகை. முருகப்பெருமானின் ஆறுபடை வீடுகளுள் ஒன்றாகிய அம்மலையை நாடிச் செல்வோர் பலராவர். ஆயின், அவ்வூரிலேயே வீரட்டானேசுவரர் கோயில் என்னும் சிறு கற்கோயில் ஒன்று இருத்தலை அறிந்தோர் சிலரே. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், பல்லவ மன்னன் அபராசிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பார் அதனை எடுப்பித்தார். அச்செய்தியைக் கூறும் வெண்பா ஒன்று அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. அதனைப் பாடியவன் அம்மன்னனே என்று அக்கல்வெட்டு அறிவிக்கின்றது. பல்லவர் குடை சாய்ந்தது. கோட்டையும் கொத்தளமும் மண்ணாயின. மன்னன் பாட்டோ இன்றும் நின்று நிலவுகின்றது. அதனை நிற்கச் செய்தது எழுத்து.

இத்தகைய எழுத்து நமக்கு முன்னோர் தேடிவைத்த செல்வமாக எளிதில் வந்து வாய்த்தது. எழுத்தே இல்லாத மக்கட்கூட்டம் ஒன்றிற்குத் தனி ஒருவர், அதிலும் எழுதப் படிக்க அறியாத ஒருவர், எழுத்தை ஆக்கித் தந்தார் என்றால் அது வியப்பன்றோ? அவ்வியத்தகு செயலை ஆற்றியவர் சீக்வோயா என்னும் பெரியார். அவர் வட அமெரிக்காவின் பழங்குடியினருள் ஒரு பிரிவினராகிய செரோக்கி மக்களிடையே தோன்றியவர்.

கொலம்பசு 1492ஆம் ஆண்டில் கடல் கடந்து சென்று அமெரிக்கக் கரையை அடைந்தார். தாம் அடைந்தது இந்தியாவைச் சார்ந்த நாடே என்று பிழைபட எண்ணி, அங்கு வாழ்ந்தோரை இந்தியர் என்று அழைத்தார். உண்மையில் அக்கண்டத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பற்பல இன மக்கள் தத்தமக்குரிய மொழியோடும் நெறியோடும் வாழ்ந்து வந்தனர். நடு அமெரிக்காவில் வாழ்ந்த மாயர், நாள்களையும் அரசர் வரலாற்றையும் தம் எழுத்தால் கல்லில் பொறித்தனர். தென் அமெரிக்காவில் பேரரசு நிறுவிய இன்காக்கள், முடிச்சிட்ட கயிறுகளைக் கொண்டு கணக்கு வைத்தனர். நாம் நாள்தோறும் உண்ணும் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் அம்மக்கள் பயிராக்கி உலகிற்கு ஈந்தவையே.

செரோக்கி மக்கள் வட அமெரிக்காவின் தென்கிழக்கிலுள்ள மலைநாட்டில் வாழ்ந்தனர். அவர்கள் ஏழு குலத்தினர். குலம் தாய்வழியே வந்தது; வீடும் மகளிர்க்கே உரியதாயிற்று. ஒரே குலத்தார் தம்முள் மணம் செய்துகொள்வதில்லை. ஆடவர் வேட்டைக்குச் சென்றனர். மகளிர் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டனர். அப்பகுதியிற் பழங்குடிப் பெண்டிர் பரண்மீது அமர்ந்து கதிர் கவரவரும் பறவைகளை ஓட்டுவர். தினைப்புனம் காத்த வள்ளிநாயகியாரைத் திருத்தணிகையிற் காண்போர்க்கு அக்காட்சி புதியதாகத் தோன்றாது.

சோளத்தைச் செலு என்னும் அன்னையாகவும், ஆற்றை உயிருள்ள பெரியோனாகவும் அவர்கள் போற்றினர். விடியலில் ஓடும் நீரில் மூழ்கித் தூய்மை பெறுதல் அவர்தம் கடன்களுள் ஒன்று. சோளக்கதிர் முற்றும் காலத்தில் பெருவிழா எடுப்பர். அப்பொழுது இல்லங்களைத் தூய்மை செய்து, பழைய அடுப்புத் தீயை அவித்து, புதுத்தீ மூட்டுவர். கொலை ஒழிந்த பிற குற்றங்களையெல்லாம் மன்னித்து மறப்பர். இவ்விழா நம் போகியையும் பொங்கலையும் நினைவூட்டுகின்றது அன்றோ!

மானைக் கொன்ற வேடன் அதனிடம் பிழை பொறுக்குமாறு வேண்டுதல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அவ்வாறு வேண்டாத மாந்தர்மீது சினங்கொண்டு விலங்குகள் நோய்களைப் படைத்தன என்றும், செடிகொடிகள் இரக்கமுற்று ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு மருந்தாயின என்றும் ஒரு பழங்கதை அவர்களிடை வழங்கிற்று. இக்கதைகளும், மருத்துவர் ஓதும் மந்திரங்களும், முன்னோர் வரலாறும் அவர்கள் நாவிலும் நெஞ்சிலுமே வாழ்ந்தன. முதியவர் ஒருவர் மறைந்தால் அவர் நெஞ்சில் இருந்தனவும் உடன் மறையும் நிலை இருந்தது.

இத்தகைய மக்களிடையே, 1770ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இன்று டென்னசி என வழங்கும் பகுதியில் சீக்வோயா பிறந்தார். அவர் தாயார் செரோக்கிப் பெண்மணி, தந்தை வெள்ளையர். தந்தையின் துணையின்றித் தாயாராலேயே அவர் வளர்க்கப்பெற்றார். ஒரு கால் ஊனமுற்றமையால் வேட்டையிற் சிறத்தல் அவர்க்கு அரிதாயிற்று. ஆயினும், கைத்தொழிலில் அவர் இணையற்று விளங்கினார். வெள்ளியை உருக்கி அணிகலன் செய்யும் தட்டார் தொழிலைத் தாமே பயின்று தேர்ந்தார். தாம் செய்த அணிகளில் தம் பெயரைப் பொறிக்க விரும்பினார். ஆனால், அவர் எழுத்தறியார். ஆதலின், ஆங்கிலம் கற்ற ஒருவரைக் கொண்டு தம் பெயரை எழுதச் செய்து, அவ்வடிவைப் பார்த்து அச்சு வெட்டிக்கொண்டார்.

வெள்ளையர் தாளில் சில கீறல்களை இடுவதையும், தொலைவில் இருப்போர் அத்தாளைப் பார்த்துச் செய்தி அறிவதையும் செரோக்கி மக்கள் கண்டனர். அத்தாள்களைப் பேசும் இலைகள் என்று வழங்கினர். அது மாயவித்தை என்று சிலரும், கடவுள் வெள்ளையர்க்கு மட்டும் அளித்த வரம் என்று சிலரும் கருதினர். சீக்வோயா அவ்வாறு கருதவில்லை. கீறலும் மனிதன் இடுவது. பேச்சும் மனிதன் பேசுவது. ஆதலின், இரண்டையும் இணைத்தல் மனித முயற்சியால் ஆகக்கூடியதே என்று அவர் துணிந்தார். 1809ஆம் ஆண்டை ஒட்டி அவர் தம் பணியைத் தொடங்கினார்.

இடையே போர் ஒன்று மூண்டது. அமெரிக்கப் படைத்தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனின் கீழ்ச் செரோக்கி வீரர்களும் பொருதனர். அவருள் சீக்வோயாவும் ஒருவர். வெள்ளை வீரர்கள் தம் இல்லத்திற்கு மடல் எழுதினர். இல்லத்தார் விடுத்த மடல்களைப் படித்து மகிழ்ந்தனர். செரோக்கி வீரர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1814இல் போர் முடிந்து மீண்டபின், சீக்வோயா முன்னினும் ஊக்கத்துடன் தம் பணியில் மூழ்கினார்.

முதலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு குறியை அமைக்க முயன்றார். குறிகள் ஆயிரக்கணக்கிற் பெருகின. வகுத்தவர்க்கே நினைவில் நிற்கவில்லை. உழவையும் தொழிலையும் மறந்து, மரப்பட்டையில் கீறிக்கொண்டிருந்த அவரை ஊரார் எள்ளி நகைத்தனர். பித்தர் என்றனர் சிலர். பில்லி சூனியம் செய்பவர் என்றனர் வேறு சிலர். மனைவியே சினங்கொண்டு அவர் எழுதி வைத்தவற்றைத் தீயிலிட்டாள் என்று கூறுவர். பல ஆண்டு உழைப்புச் சாம்பலாயிற்று. சீக்வோயா மனந்தளரவில்லை, மீண்டும் முதலிலிருந்தே தொடங்கினார்.

இம்முறை அவர் சொற்களை விடுத்து ஒலிகளைக் கூர்ந்து கேட்கலானார். அலை, கலை, தலை, மலை என்னும் தமிழ்ச் சொற்களைச் சொல்லிப் பாருங்கள். சொற்கள் வேறாயினும் லை என்னும் ஒலி எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருகின்றது. இவ்வாறே தம் மொழியிலும் சில ஒலிகளே மாறிமாறி வந்து எல்லாச் சொற்களையும் ஆக்குகின்றன என்பதைச் சீக்வோயா கண்டறிந்தார். ஒவ்வோர் ஒலிக்கும் ஒவ்வோர் எழுத்தை வகுத்தார். எழுத்துகள் 86 ஆயின. பின்னர் ஒன்று நீங்கி 85 ஆயின.

இவ்வெழுத்து முறை நம் உயிர்மெய் எழுத்தை ஒரு வகையில் ஒத்தது. மெய்யும் உயிரும் கூடிய ஒலிக்கு ஓரெழுத்தே நிற்கும். ஆனால், க, கா, கி என நம் எழுத்துகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பதுபோல் அவை கிளைப்பதில்லை. ஒவ்வொன்றும் தனி வடிவுடையது. சில வடிவங்களை அவர் ஆங்கில நூலிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆயினும், ஆங்கில ஒலியை அவர் அறியாராதலால் அவற்றிற்குத் தம் மொழி ஒலிகளையே தந்தார். ஆங்கிலத்தில் டபிள்யூ எனப்படும் வடிவம் செரோக்கியில் ல என ஒலிக்கின்றது. செரோக்கி மொழியில் பகர ஒலி இல்லை; மகரமும் மிக அருகியே வரும். இதழ் ஒட்டாமற் பாடும் நிரோட்டகம் நம் புலவர்க்கு அரிய செயல். அம்மக்கட்கோ இதழ் ஒட்டாமற் பேசுதல் பெரிதும் இயல்பு.

பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பயனாக, 1821ஆம் ஆண்டில் எழுத்து நிறைவெய்தியது. அவரிடம் அதனை முதலிற் கற்றவள் அவருடைய இளஞ்சிறு மகள் அயோக்கா. சான்றோர் அவையில் தந்தையையும் மகளையும் தொலைவில் பிரித்து நிறுத்தினர். அவையோர் கூறியதை ஒருவர் எழுத, மற்றவர் அதனை ஒரு சொல்லும் பிழையாமற் படித்தார். அவையோர் ஐயம் முழுதும் அகலவில்லை. இளைஞர் சிலரைத் தேர்ந்து அவரிடம் கற்க விடுத்தனர். அவர்களும் சின்னாளில் கற்றுத் தேறி, அவ்வாறே எழுதியும் படித்தும் காட்டினர். பழித்த வாய்கள் வாழ்த்தின.

அதன்பின் நிகழ்ந்தது வரலாறு காணாத விந்தை. பள்ளிக்கூடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. கற்றவர் கல்லாதவர்க்குக் கற்பித்தனர். பலர் சில வாரங்களிலேயே எழுத்தைக் கற்றுக்கொண்டனர். சில ஆண்டுகளுக்குள் செரோக்கி மக்களுள் பெரும்பாலோர் தம் மொழியை எழுதவும் படிக்கவும் வல்லராயினர். 1825இல் செரோக்கி அரசு அவ்வெழுத்தை முறையாக ஏற்றது. அதனை ஆக்கியவர்க்கு வெள்ளிப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. பாஸ்டன் நகரில் அச்செழுத்துகள் வார்க்கப்பெற்றன. 1828ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாள், எலியாஸ் பூடினோ என்பாரை ஆசிரியராகக் கொண்டு, செரோக்கி பீனிக்ஸ் என்னும் செய்தித்தாள் செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மருத்துவரும் தம் பழமந்திரங்களைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். நாவளவில் நின்ற செல்வம் ஏட்டில் ஏறியது.

இந்நிலையில் அம்மக்கட்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. அவர்தம் நிலத்தில் பொன் இருப்பது வெளிப்படவே, வெள்ளைக் குடியேறிகள் திரண்டு வந்தனர். முன்னே செரோக்கி வீரரின் துணையால் போர் வென்ற ஜாக்சன், அமெரிக்கக் குடியரசுத் தலைவராய், பழங்குடியினரை மேற்கே அகற்றும் சட்டத்திற்கு 1830இல் ஒப்பமிட்டார். 1832இல் உச்ச நீதிமன்றம் செரோக்கியர் பக்கமே அறம் உள்ளதாகத் தீர்ப்பளித்தும் பயன் விளையவில்லை. 1835இல் அவர்தம் அச்சகம் பறிக்கப்பட்டது. 1838, 1839ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 16,000 பேர் தாய்நிலத்தினின்று படைவலியால் வெளியேற்றப்பட்டனர். பனியிலும் பசியிலும் நோயிலும் வருந்தி, வழியிலும் முகாம்களிலும் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர். அந்நெடுவழியைக் கண்ணீர்த் தடம் என்று வரலாறு கூறும்.

சீக்வோயா அதற்கு முன்பே மேற்குப் பகுதியிற் குடியேறி, 1829 முதல் இன்றைய ஓக்லகோமா மாநிலத்தில் வாழ்ந்து வந்தார். புதிதாக வந்தோர்க்கும் முன்னரே வாழ்ந்தோர்க்கும் பூசல் எழுந்தபோது, இருசாராரையும் ஒன்றுபடுத்த அவர் பாடுபட்டார். 1839இல் இருதிறத்தாரும் ஒரே மக்களாயினர். நிலம் பிரித்தது, ஆயினும் மொழியும் எழுத்தும் அவர்களைப் பிணித்து நின்றன.

முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்க விரும்பவில்லை. செரோக்கியர் சிலர் மெக்சிகோ நாட்டில் சிதறி வாழ்வதாக அறிந்து, அவர்களைத் தேடி 1842இல் புறப்பட்டார். அந்நெடும்பயணத்திலேயே, 1843ஆம் ஆண்டில், மெக்சிகோவில் அவர் உயிர் நீத்தார். அவர் உடல் புதைந்த இடம் எதுவென இன்றுவரை கண்டறியப்படவில்லை. அவர் வாழ்ந்த மரவீடு போற்றிக் காக்கப்பெறுகின்றது. ஓக்லகோமா மாநிலம் அளித்த அவர் சிலை, 1917 முதல் அமெரிக்க நாடாளுமன்ற மாளிகையில் நிற்கின்றது.

பிற்காலத்தில் பழங்குடிச் சிறுவர்களை விடுதிப் பள்ளிகளில் சேர்த்துத் தாய்மொழி பேசாவண்ணம் தடுத்தனர். அதனால் செரோக்கி மொழி பேசுவோர் தொகை மிகவும் குறைந்தது. 2019இல் செரோக்கி மக்களின் மூன்று அரசுகளும் ஒன்றுகூடித் தம் மொழி இடர்ப்பட்டிருப்பதாக அறிவித்தன. ஆயினும், அம்மொழி இன்றும் அழியவில்லை. இன்று செரோக்கிச் சிறுவர்கள் தம் மொழிவழிப் பள்ளியிற் பயில்கின்றனர். கணினியிலும் கைப்பேசியிலும் சீக்வோயாவின் எழுத்துகளால் எழுதுகின்றனர்.

நிலத்தைப் பறிப்பவர் உண்டு. பொன்னைக் கவர்பவர் உண்டு. கற்ற எழுத்தைக் கவர்ந்து செல்வார் எவரும் இலர். ஆனால், அதனைப் பேணாது விட்டால் அது தானே மறையும். திருத்தணிகைச் சிறுவர்கள் ஊர்ப்பலகைகளில் தமிழையும் தெலுங்கையும் ஒருங்கே காண்பர். ஒவ்வொன்றும் ஒரு மக்களின் நெடுங்கால நினைவு. பகைவர் சூழ்ந்தும் உற்றார் பழித்தும் ஒருவர் பன்னிரண்டு ஆண்டு உழைத்துத் தேடிய செல்வத்தை, நாம் பிறந்தவுடனே பெற்றிருக்கின்றோம். அதன் அருமையை உணர்ந்து பயில்வதே நம் கடமையாகும்.