தைப்பிங்கில் படை திரட்டிய ஷா நவாஸ் கான்

ஒவ்வோராண்டும் ஜூலை 31ஆம் நாளை நம் நாடு வீரர்கள் தினமாகக் கொண்டாடி வருகிறது. 12 ஆண்டுகள் நீடித்த அவசரகாலம் 1960ஆம் ஆண்டில் அந்நாளில்தான் நீங்கியது. அந்த அவசரகாலம் 1948 ஜூனில் பிறப்பிக்கப்பட்டதும் நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தோட்டப் பகுதியில் நடந்த கொலைகளை அடுத்துத்தான். ஆகவே வீரர்களை நினைவுகூரும் கடமை மற்ற ஊரார்களைவிட நமக்குச் சற்று அதிகம் என்றே சொல்ல வேண்டும்.

இந்தச் சமயத்தில், நம் பேராக் மண்ணில் படை திரட்டிப் புறப்பட்ட ஒரு முஸ்லிம் தளபதியின் வரலாற்றை நம் சகோதரர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். அவர்தாம் மர்ஹூம் ஜெனரல் ஷா நவாஸ் கான். நேதாஜியின் பெயரை அறியாத தமிழர் இல்லை. ஆனால் நேதாஜியின் முதற்படையை நடத்திச் சென்றவர் யார், அந்தப் படை எந்த ஊரில் உருவாயிற்று என்று நம் வாலிபர்களைக் கேட்டால் பதில் கிடைப்பது அரிது.

ஷா நவாஸ் கான் 1914ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் தேதி பஞ்சாபில், ராவல்பிண்டி ஜில்லாவைச் சேர்ந்த மாத்தோர் என்னும் கிராமத்தில் பிறந்தார். ஜன்ஜுவா ராஜபுத்திர முஸ்லிம் குலம். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை கல்லாவில் அமருவது எப்படி இயல்போ, அப்படி அந்தக் குலத்துப் பிள்ளை பட்டாளத்தில் சேருவது இயல்பு. அவருடைய தந்தை பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் நெடுங்காலம் சேவை செய்தவர். உறவினரில் பலரும் ராணுவ அதிகாரிகள். ஷா நவாஸும் டேராடூன் ராணுவப் பள்ளியில் பயின்று, 1930களின் நடுவில் அதிகாரியாகி, 14ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டில் சேர்ந்தார். அரசரிடம் உண்மையாக இருப்பதே அந்த வீட்டில் தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த முதற் பாடம்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். வடக்கே கெடாவில் அவருடைய ரெஜிமெண்டைச் சேர்ந்த முதல் பட்டாளம் சிதறடிக்கப்பட்டது. டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நம் கம்பார் குன்றுகளில் பிரிட்டிஷ் சிப்பாய்களும் சீக்கியரும் கூர்க்காக்களும் ஜப்பானியரை எதிர்த்து நின்ற கதை நம் பெரியவர்கள் வாயிலாகப் பலரும் கேட்டதே. ஷா நவாஸ் 1942 ஜனவரியில்தான் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். வந்த சில வாரங்களுக்குள் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 17ஆம் தேதி பேரர் பார்க் மைதானத்தில், ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களைப் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் ஒப்படைத்தனர். போரிட வாய்ப்பே தராமல் தம்மையும் தம் ஆட்களையும் மந்தையை மாற்றிக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டார்களே என்ற வேதனை அவருக்கு ஏற்பட்டது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்தைத் தொடங்கியபோது ஷா நவாஸ் அதில் பாய்ந்து சேர்ந்தவர் அல்லர். முதலில் அதை எதிர்த்தார். ஜப்பானியர் நம்மவரைத் தங்கள் கருவியாக்கிக் கொள்வர் என்று ஐயுற்றார். பிறகு, விலகி நிற்பதைவிட உள்ளே இருந்தால் தம் ஆட்களைக் காக்கலாம் என்றெண்ணியே சேர்ந்தார்.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின் அவர் மனம் மாறியது. இந்தியாவை ஓர் இந்தியனின் கண்கொண்டு பார்க்கத் தமக்குக் கற்றுக் கொடுத்தவர் நேதாஜியே என்று பிற்காலத்தில் நீதிமன்றத்தில் அவர் சொன்னார். அரசரா, தேசமா என்ற கேள்விக்கு அன்று அவர் விடை கண்டார். உப்பிட்டவருக்குத் துரோகம் கூடாது என்பது நம் பெரியோர் வாக்கு. அந்த உப்பு யாருடைய கடலில், யாருடைய உழைப்பில் விளைந்தது என்று அவர் யோசித்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1943 செப்டம்பரில் நம் தைப்பிங் நகரில் முதலாவது கொரில்லா ரெஜிமெண்ட் உருவாயிற்று. மற்றப் படைப்பிரிவுகளிலிருந்து தேர்ந்த சிப்பாய்களைப் பொறுக்கி எடுத்து, ஏறக்குறைய 3,000 பேரைத் திரட்டினர். தம் பெயரைப் படைக்குச் சூட்டுவதை நேதாஜி விரும்பவில்லை. ஆயினும் சிப்பாய்கள் அதைச் சுபாஷ் படை என்றே அழைத்தனர். அதற்குத் தளபதி ஷா நவாஸ் கான். மழைக்குப் பேர்போன தைப்பிங் மலையடிவாரத்தில் அவர்கள் பயிற்சி பெற்றனர். அந்தப் படையினர் பெரும்பாலும் வடநாட்டுச் சிப்பாய்கள். நம் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ் வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் வேறு பிரிவுகளில் சேர்ந்தனர். தோட்டத்துப் பெண்களும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் இந்துவுக்கு ஒரு சமையல், முஸ்லிமுக்கு ஒரு சமையல், சீக்கியருக்கு ஒரு சமையல் என்றிருந்தது. நேதாஜியின் படையிலோ எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர். இத்திஹாத், இத்மாத், குர்பானி என்பதே அந்தப் படையின் தாரக மந்திரம். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும். இவை நம் மதரஸாக்களிலும் பள்ளிவாசல்களிலும் புழங்கும் சொற்களே. ஜெய்ஹிந்த் என்னும் வாழ்த்தும் ஆபித் ஹசன் என்ற ஹைதராபாத் முஸ்லிம் அளித்ததே. இந்தச் சேனை ஒரு மதத்தாருடையது என்று எவரேனும் சொன்னால் நாம் இவற்றை எடுத்துக் காட்டலாம்.

வியாபாரிகளாகிய நாம் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்நாளில் மலாயாவிலும் பர்மாவிலும் இந்திய வியாபாரிகள் படைக்கு நிதி கொடுத்தனர். தம் சொத்து முழுவதையும் கொடுத்த ரங்கூன் வர்த்தகர் ஹபீப் சாஹிபின் பெயரைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. விரும்பிக் கொடுத்தோரும் உண்டு. அஞ்சிக் கொடுத்தோரும் உண்டு. கொடாமல் பூட்டி வைத்தவரின் பெட்டியில் மிஞ்சியது வாழைமரத்து நோட்டு. 1945இல் அது வெறும் காகிதமாயிற்று.

1943 நவம்பரில் சுபாஷ் படை தைப்பிங்கை விட்டு ரயிலேறிப் புறப்பட்டது. 1944 ஜனவரியில் ரங்கூன் போய்ச் சேர்ந்தது. ஒரு பட்டாளம் அரக்கான் பக்கம் கலாதான் பள்ளத்தாக்குக்குப் போயிற்று. மற்ற இரண்டும் ஷா நவாஸின் கீழ்ச் சின் மலைகளில் ஹாக்கா, பாலம் என்னும் இடங்களைக் காக்கச் சென்றன. பொதி சுமக்கப் போதிய கழுதைகள் இல்லை. அரிசியையும் தோட்டாவையும் சிப்பாய்களே முதுகில் சுமந்து மலையேறினர். குளிருக்குக் கம்பளி இல்லை, மலேரியாவுக்கு மருந்து இல்லை. அவ்விடத்தில் அவர்கள் பலமுறை எதிரியின் காவற்படைகளோடு மோதினர்.

அந்த மலையில் எதிர்ப்பக்கம் நின்றவர் யார்? அவருடைய குடும்பத்தாரே! அவருடைய சொந்தச் சகோதரர் பிரிட்டிஷ் படையில் இருந்து போரிட்டுக் காயமடைந்தார். சிற்றப்பன் பெரியப்பன் வழிச் சகோதரர் ஒருவர் சின் மலையில் எதிர் அணியில் இருந்தார். ஏறக்குறைய இரண்டு மாதங்கள், அநேகமாக நாள்தோறும், இருவர் படைகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. இதையும் ஷா நவாஸே விசாரணையின்போது கூறினார். ஒரே பாட்டனாரின் மடியில் வளர்ந்த பிள்ளைகள் இரண்டு கொடிகளின்கீழ் நின்றனர். இருவரும் ஒரே இறைவனைத் தொழுதவர்கள். இருவரும் தம் கடமை இதுவே என்று நம்பினவர்கள்.

மே மாதத்துக்குப் பிறகு படை கோஹிமா நோக்கி அனுப்பப்பட்டது. அதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. ஜூன் 22ஆம் தேதி பிரிட்டிஷார் கோஹிமா, இம்பால் சாலையைத் திறந்துவிட்டனர். ஜூலையில் ஜப்பானியர் பின்வாங்கினர். அடைமழையிலும் சேற்றிலும் பின்வாங்கிய வீரர்களில் குண்டுக்குப் பலியானவரைவிடப் பசிக்கும் காய்ச்சலுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் பலியானவரே அதிகம்.

1945இல் ஷா நவாஸ் இரண்டாவது டிவிஷனின் தளபதியாகப் பர்மாவில் போப்பா மலைப் பக்கம் போரிட்டார். குர்பக்ஷ் சிங் தில்லனும் பிரேம் குமார் ஸஹ்காலும் அவரோடு அங்கே இருந்தனர். தோல்வி உறுதியான பின்னும் அவர் தம் ஆட்களைக் கைவிடவில்லை. மே மாதத்தில் பெகு நகருக்கு அருகே சிறைப்பட்டார்.

1945 நவம்பர் 5ஆம் தேதி டில்லி செங்கோட்டையில் ராணுவ நீதிமன்றம் கூடியது. ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர் என மூவரை ஒருசேரக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினர். அரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக மூவர் மீதும் குற்றச்சாட்டு. அதனோடு, கட்டுப்பாட்டை மீறித் தப்ப முயன்ற ஒரு சிப்பாய்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட விவகாரமும் ஷா நவாஸ் மீது சாட்டப்பட்டது. பூலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். அடிமைப்பட்ட மக்கள் தம் விடுதலைக்குப் போர் தொடுக்க உரிமை உடையோர் என்பதே அவர் வாதத்தின் சாரம். நேரு பல்லாண்டுக்குப் பிறகு வக்கீல் அங்கி அணிந்து வந்தார். நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. மூன்று மதத்தாரும் ஒன்றாகத் தெருவில் இறங்கினர்.

டிசம்பர் 31ஆம் தேதி தீர்ப்பாயிற்று. மூவருக்கும் ஆயுள் முழுவதும் நாடு கடத்தல். ஆனால் நாட்டின் கொதிப்பைக் கண்ட சேனாதிபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரி 3ஆம் தேதி அத்தண்டனையை ரத்துச் செய்தார். பதவி நீக்கமும் சம்பளப் பாக்கி இழப்பும் நின்றன. மூவரும் விடுதலையாயினர். அடுத்த மாதமே பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். சிப்பாயின் விசுவாசத்தை இனி நம்ப முடியாது என்பதை ஆங்கிலேயர் உணர்ந்துகொண்டனர்.

1947இல் நாடு பிரிந்தது. அவர் பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குள் போயிற்று. சுற்றத்தாரில் பலர் அங்கேயே இருந்தனர். அவரோ இந்தியாவிலேயே தங்கினார். இரண்டாம் முறையும் குடும்பத்துக்கும் கொள்கைக்கும் நடுவே நின்று, கொள்கையின் பக்கம் போனார். 1952இல் மீரட் தொகுதியிலிருந்து லோக்சபாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ரயில்வே துணை மந்திரியாகப் பணியாற்றினார். 1956இல் நேதாஜியின் மரணம் பற்றி விசாரித்த கமிட்டிக்குத் தலைமை வகித்தார். 1945 ஆகஸ்ட் 18ஆம் தேதி தைஹோக்கு விமான விபத்தில் நேதாஜி காலமானார் என்று பெரும்பான்மை முடிவு கூறியது. கமிட்டியில் இருந்த நேதாஜியின் தமையனார் சுரேஷ் சந்திர போஸ் அதை ஏற்கவில்லை. தம் தலைவர் திரும்பி வருவார் என்று கோடிப்பேர் காத்திருந்த வேளையில், வரமாட்டார் என்று சொல்லும் பாரம் அவர் தோளில் விழுந்தது. அதையும் சுமந்தார். 1983 டிசம்பர் 9ஆம் தேதி டில்லியில் இறையடி சேர்ந்தார். எந்தச் செங்கோட்டையில் குற்றவாளியாக நின்றாரோ, அதனருகே, ஜும்ஆ மஸ்ஜித் பக்கத்தில் அவர் அடக்கப்பட்டார்.

இந்த வரலாற்றால் நமக்கு என்ன பயன் என்று வியாபாரிகள் கேட்கலாம். சொல்கிறோம். சுதந்திர இந்தியா நேதாஜியின் படையினரை ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. தியாகிகள் பென்ஷன் திட்டம் 1972இல்தான் வந்தது. ஷா நவாஸ் போன்ற தலைவர்களுக்கு மந்திரி பதவியாவது கிடைத்தது. தோட்டத்திலிருந்து போன நம்மவர், உயிரோடு மீண்டவரெல்லாம், மறுபடி உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பால் வெட்டவே போயினர். அந்தத் தோட்டங்களில் பல இன்று வீட்டு மனைகளும் செம்பனைக் காடுகளுமாகிவிட்டன. லயங்கள் போயின; அவற்றோடு கதைகளும் போயின.

மறுபக்கமும் உண்டு. தைப்பிங்கில் மலைக்குப் போகும் பாதையின் இருபுறமும் யுத்த கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 850க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே அடங்கியுள்ளனர். பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். ஒருபுறம் கிறிஸ்தவர்கள், மறுபுறம் முஸ்லிம்களும் பிற இந்தியச் சிப்பாய்களும். ஷா நவாஸ் படை திரட்டிய அதே ஊரில், அவர் எதிர்த்த கொடியின்கீழ் மடிந்த நம் சகோதரர்கள் கிடக்கின்றனர். இவர்களில் யாருக்குப் பாத்திஹா, யாருக்கு இல்லை என்று பிரிக்கும் அதிகாரம் நமக்கு ஏது? சின் மலையில் எதிரெதிரே நின்ற அந்தச் சகோதரர்களைப் பெற்ற தாய்மார் இரு பக்கத்துக்கும் சேர்த்தல்லவா துஆ கேட்டிருப்பர்!

நம் ஜமாஅத்துக் குடும்பங்களிலும் இப்படிப்பட்ட வரலாறுகள் உண்டு. பாட்டனார் நேதாஜி படையில் இருந்திருப்பார். அவர் தம்பி வெள்ளைக்காரன் லாரி ஓட்டியிருப்பார். மைத்துனர் சயாம் ரயில் பாதைக்குப் பிடிபட்டுத் திரும்பாமல் போயிருப்பார். மகனோ பேரனோ மலேசிய ராணுவத்திலும் போலீசிலும் சேவை செய்திருப்பார். 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது, பழிவாங்குவரோ என்றஞ்சிப் பலர் பேசாமலே இருந்துவிட்டனர். அந்த மௌனம் பிள்ளைகளுக்கும் பழக்கமாயிற்று.

கடையில் கடன் கணக்கைப் பேரேட்டில் ஏற்றாவிட்டால் என்ன ஆகும்? கொடுத்தவர் மறந்துபோவார், வாங்கினவர் மறுத்துவிடுவார். நம் முன்னோர் செய்த தியாகமும் நம் பேரில் நிற்கும் கடனே. ஆகவே சகோதரர்களே, வீட்டில் வயது முதிர்ந்தவர் இருந்தால் அவர் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். பெயர், ஊர், தோட்டம், எந்தப் படை, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி நம் சங்கத்தில் கொண்டுவந்து சேருங்கள். பழைய போட்டோவோ பதக்கமோ இருந்தால் பழைய சாமானோடு போட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கம் நின்றார் என்று பார்க்க வேண்டாம். நம்மவர் என்று எழுதினால் போதும்.

மர்ஹூம் ஷா நவாஸ் கானுக்கும், அவரோடு நின்றோருக்கும், எதிர்நின்று மாண்டோருக்கும், பெயர் தெரியாமல் மண்ணில் மறைந்த நம் தோட்டத்து மக்களுக்கும் எல்லாம் வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.