புண்ணாக்குக்கும் கணக்கு எழுதிய குமரப்பா

எள்ளையோ கடலையையோ ஊர்ச் செக்கில் கொடுத்து ஆட்டி வாங்கினால் எண்ணெயும் புண்ணாக்கும் உங்கள் கைக்கு வந்து சேரும். எண்ணெய் அடுப்படிக்குப் போகும். புண்ணாக்கு தொழுவத்துக்குப் போய், பாலாகவும் சாணமாகவும் திரும்பி வரும். சாணம் மட்கி வயலுக்குப் போகும். அதே எள்ளை மூட்டையாக வியாபாரியிடம் போட்டுவிட்டு, கடையில் எண்ணெய்ப் பாக்கெட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வருகிறது, புண்ணாக்கு வருவதில்லை. அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். வாங்க முடியாதவர் மாட்டுக்குத் தீவனத்தைக் குறைக்கிறார். சாணமும் குறைகிறது. வயலுக்கு உர மூட்டை வாங்க வேண்டியதாகிறது.

ஒரு மூட்டை எள்ளுக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது. இதை நாட்டுக்கே போட்டுப் பார்த்த ஒருவர் நம் தஞ்சாவூரில் பிறந்தவர். பெயர் ஜே.சி.குமரப்பா. சுற்றுச்சூழல் என்ற சொல் நம் ஊர்ப்பக்கம் புழங்காத காலத்தில், சிறு தொழில் செய்கிறவர் அதிகச் செலவில்லாமல் மண்ணையும் நீரையும் கெடுக்காமல் பிழைக்க வழி தேடியவர். செக்கு, அரிசி மில், வெல்ல ஆலை, தேனீப் பெட்டி, சோப்புக் கொட்டகை என்று ஏதாவது ஒன்றை நீங்கள் நடத்தி வந்தால், இவர் வாழ்க்கை உங்களுக்குப் பயன்படும்.

லண்டனில் படித்த கணக்கர்

1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். வசதியான கிறிஸ்தவக் குடும்பம். லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தினார். உடை, பழக்கம் எல்லாம் துரைமார் பாணிதான். 1927-இல் அமெரிக்கா போய் முதலில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்திலும் பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் படித்தார். அரசு வாங்கும் வரிக்கும் இந்தியாவின் வறுமைக்கும் என்ன தொடர்பு என்று அங்கே ஆராய்ந்தபோதுதான் அவருடைய பார்வை மாறியது. ஒரு கம்பெனியின் வரவு செலவைத் தணிக்கை செய்வது போல ஒரு நாட்டின் வரவு செலவைப் பார்த்தார். மக்களிடம் வாங்கிய பணம் மக்களுக்குத் திரும்பவில்லை என்று தெரிந்தது. ஊர் திரும்பியவர், தங்கள் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவையே தன் பெயராக வைத்துக்கொண்டார்.

1929-ஆம் ஆண்டு மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். காந்தி அந்த ஆராய்ச்சியைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் தாலுகா கிராமங்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்கும் வேலை. கோட்டும் சூட்டுமாக இருந்தவர் வித்யாபீட மாணவர்களோடு ஊர் ஊராக நடந்தார். விரிவாக்கப் பணியில் இருக்கும் உங்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். கேள்விப் படிவத்தோடு திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் ஒரு குடும்பத்தின் உண்மையான வரவும் கடனும் வெளியே வரும். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் வராது.

1934-இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் வந்தபோது, ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரண வேலையின் கணக்கை அவர்தான் பார்த்தார். சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறைக்கும் போனார்.

மகன்வாடித் தோட்டம்

அந்த 1934-ஆம் ஆண்டு டிசம்பரில், வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கியது. குமரப்பா அதன் செயலாளர். ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டத்தில் மகன்வாடி என்ற பெயரில் தலைமையகம் அமைந்தது. அங்கே செக்கு ஆட்டினார்கள், நெல் குத்தினார்கள், தேனீ வளர்த்தார்கள், சோப்புக் காய்ச்சினார்கள், கையால் காகிதம் செய்தார்கள். ஊர்ப்புறத்து ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

மகன்வாடியில் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலைகளைக் கவனியுங்கள். விலை உயர்ந்த புது எந்திரத்தைத் தேடிப் போகவில்லை. ஊரில் ஏற்கெனவே இருக்கும் கருவியைத் திருத்தினார்கள். கூடுதல் எண்ணெய் இறங்கும்படி செக்கை மாற்றி அமைத்தார்கள். மண்ணெண்ணெய் அப்போது விலை கொடுத்து வெளியிலிருந்து வாங்கும் பொருள். அதற்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கை உருவாக்கினார்கள். அடுப்பின் புகையைக் குறைக்க முயன்றார்கள். கந்தல் துணி, கழிவுக் காகிதம் போன்றவற்றைக் கூழாக்கிக் காகிதம் ஆக்கினார்கள். இன்று ஜெய்ப்பூரில் இருக்கும் தேசியக் கைக்காகித நிறுவனத்துக்குக் குமரப்பா பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

எலும்பைப் பற்றியும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. செத்துப்போன மாட்டின் எலும்பு கப்பலேறி வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் வித்தும் அப்படியே போனது. வித்தோடு புண்ணாக்கும் போகிறது, எலும்போடு மணிச்சத்தும் போகிறது, இரண்டுமே நம் மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்தவை என்பது அவர் வாதம். எலும்பை ஊரிலேயே பக்குவப்படுத்தித் தூளாக்கி வயலில் இட வேண்டும் என்றார். மண்ணின் நிலை அறியாமல் ரசாயன உரத்தைப் பரப்புவதை எதிர்த்தார். டிராக்டரைப் பற்றிப் பேசும்போதும், அது உழும் பரப்பை மட்டும் அவர் பார்க்கவில்லை. உழவு மாடு போனால் அதன் சாணமும் போய்விடும் என்பதைச் செலவுப் பக்கத்தில் எழுதினார்.

சர்க்கரைக் கணக்கும் இப்படித்தான். கரும்புக்கு நல்ல நிலமும் நிறையத் தண்ணீரும் வேண்டும். பனையும் ஈச்சமும் தரிசிலும் வரப்பிலும் தானாக நிற்கும் மரங்கள். அவற்றின் பதநீரில் வெல்லம் காய்ச்சினால், கரும்பு நிற்கும் நல்ல நிலத்தில் தானியம் விளைவிக்கலாம் என்று சொன்னார். கருப்பட்டி காய்ச்சுகிற ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

குளமும் ஆறும்

1942 போராட்டத்தில் கைதாகி ஜபல்பூர் சிறையில் இருந்த காலத்தில், எகானமி ஆஃப் பெர்மனன்ஸ் என்ற புத்தகத்தை எழுதினார். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்று பொருள். 1945-இல் வெளிவந்தது.

அவர் சிந்தனையின் அடிப்படையை நம் ஊர் வழக்கில் இப்படிச் சொல்லலாம். நிலக்கரியும் பெட்ரோலியமும் வரத்து இல்லாத குளத்து நீர். இறைக்க இறைக்கக் குறையும், நிரம்பாது. வெயில், பயிர், மரம், மாட்டின் உழைப்பு ஆகியவை ஆற்று வரத்து. அளவறிந்து எடுத்தால் அடுத்த ஆண்டும் வரும். வரத்தை நம்பிய தொழில் நிலைக்கும், குளத்தை மட்டும் நம்பிய தொழில் ஒரு நாள் நின்றுபோகும். குளத்து நீர் வற்றும்போது அதற்காகச் சண்டையும் வரும்.

இன்னோர் உதாரணமும் அந்தப் புத்தகத்தில் உண்டு. புலி கொன்று தின்கிறது. குரங்கு தான் நடாத தோப்பில் பறித்துத் தின்கிறது. பறவை உழைத்துக் கூடு கட்டுகிறது. தேனீ கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கிறது. தாய்ப்பறவை கைம்மாறு பாராமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனிதர் செய்யும் தொழில்களையும் இந்த ஐந்து வகையாகப் பிரித்தார். தேனீ எடுத்துக்கொள்ளும்போதே மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பூவைக் காயாக்குகிறது. உங்கள் தொழில் இதில் எந்த வகை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

தோற்ற இடமும் உண்டு

குமரப்பா சொன்னபடி நாடு நடக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவராக இருந்தார். உழுபவருக்கும் அரசுக்கும் நடுவில் இடைத்தரகர் கூடாது என்று அந்தக் குழு 1949-இல் அறிக்கை கொடுத்தது. ஆனால் திட்டங்கள் பெரிய ஆலை, பெரிய அணை என்று வேறு பாதையில் போயின. நேரு அரசின் கொள்கையை அவர் ஒளிவு மறைவில்லாமல் விமர்சித்தார்.

அவர் சொன்ன எல்லாமே நடைமுறைக்கு வந்திருக்கும் என்று சொல்வதற்கும் இல்லை. கைக்குத்தல் அரிசியில் தவிட்டுச் சத்து நிற்கும் என்பது உண்மை. ஆனால் உலக்கை பிடித்தவர்கள் பெண்கள். விடிவதற்கு முன் எழுந்து நெல் குத்திய கை, மில் வந்ததும் ஓய்ந்தது. அந்த ஓய்வை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் வேண்டாம். மின் மோட்டார் சுற்றும் உமி நீக்கும் எந்திரத்தில், மெருகு ஏற்றாமல் தவிட்டோடு அரிசியை எடுக்க இன்று வழி இருக்கிறது. உலக்கையை விட்டுவிட்டு, அதன் பின்னால் இருந்த கணக்கை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

உடல் தளர்ந்த பிறகு, மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து எளிமையாக வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி, காந்தி மறைந்த அதே நாளில், 68-ஆம் வயதில் காலமானார்.

உங்கள் கொட்டகையில் தொடங்கலாம்

குமரப்பா வழியில் முதல் வேலைக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒரு மாதத்துக்கு உங்கள் தொழிலில் வெளியே கொட்டுவதை எல்லாம் எழுதுங்கள். உமி, சாம்பல், சக்கை, புண்ணாக்கு, எண்ணெய் வண்டல், கழுவிய தண்ணீர், கிழிந்த சாக்கு. எதிர்ப்பக்கத்தில், காசு கொடுத்து உள்ளே வாங்குவதை எழுதுங்கள். விறகு, டீசல், தீவனம், உரம், பாலித்தீன் கவர். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தால், ஒரு பக்கம் கொட்டுவது மறுபக்கம் வாங்குவதற்கு ஈடாவது சில இடங்களில் தெரியும்.

செக்கு வைத்திருப்பவர்கள்: கடலை, எள், தேங்காய்ப் புண்ணாக்கை நன்றாகக் காயவைத்து ஈரம் படாமல் அடுக்கிவையுங்கள். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை மாட்டுக்குப் போடக் கூடாது. அதன் நச்சு பாலிலும் இறங்கும். வேப்பம் புண்ணாக்கை வயலுக்கு வையுங்கள். தெளியவைத்த எண்ணெயின் வண்டலைச் சோப்புக் காய்ச்சுகிறவர் வாங்கிக்கொள்வாரா என்று விசாரியுங்கள்.

வெல்லம் காய்ச்சுகிறவர்கள்: சக்கையை நன்றாகக் காயவைத்த பிறகே அடுப்பில் போடுங்கள். ஈரச் சக்கையின் சூட்டில் ஒரு பகுதி அதன் ஈரத்தை விரட்டவே போகும், புகையும் கூடும். எரிபொருள் போதவில்லை என்று பழைய டயரையோ பிளாஸ்டிக்கையோ போடாதீர்கள். அந்தப் புகை காய்ச்சுகிறவரின் நெஞ்சுக்குத்தான் முதலில் போகும். அந்தச் சாம்பல் வயலுக்கும் ஆகாது. சுத்தமான சக்கைச் சாம்பலாக இருந்தால் சாம்பல் சத்துள்ள உரமாக எருக்குழியில் சேர்க்கலாம்.

அரிசி மில் வைத்திருப்பவர்கள்: நெல் அவிக்க உமியையே எரியுங்கள். மிஞ்சிய உமியையும் சாம்பலையும் செங்கல் சூளைக்காரர் கேட்பார். ஓடைக்கரையில் கொட்டினால் காற்றில் பறந்து ஊரார் கண்ணில் விழும், மழைக்குக் கண்மாயில் சேரும்.

விற்பனைக்கு அனுப்பும்போது: 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. கருப்பட்டிக்கும் பலகாரத்துக்கும் பனையோலைக் கொட்டான் நம் பழைய பழக்கம். கொட்டானுக்குக் கொடுக்கும் காசு பக்கத்துத் தெருவில் ஓலை முடைகிற பெண்ணின் கைக்குப் போகும்.

மாதக் கடைசியில் அந்த நோட்டை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். வீணாகக் கொட்டியதில் எதை முதலில் நிறுத்தலாம் என்று முடிவு செய்து, அந்த ஒன்றை மட்டும் அடுத்த மாதம் மாற்றுங்கள். விரிவாக்க அலுவலர்கள் இப்படி நாலைந்து பேரின் நோட்டை ஓர் ஊரில் சேர்த்து வைத்துப் படித்தால், ஒருவர் கொட்டும் உமி இன்னொருவருக்கு எரிபொருளாவது தெரிந்துவிடும்.