மிதி இல்லாத மிதிவண்டி

தில்லி மாநகரின் தெருக்களில் நாள்தோறும் எண்ணற்ற மிதிவண்டிகள் ஓடுகின்றன. காலால் மிதித்து ஓட்டுவதால் அவ்வூர்திக்குத் தமிழில் அப்பெயர் அமைந்தது. ஆனால், அதன் மூதாதையான வண்டியில் மிதிப்பதற்கு ஒன்றுமே இல்லை. அது பெரும்பாலும் மரத்தால் ஆனது. அதனை உருவாக்கியவர் கார்ல் டிரைஸ்.

அக்காலத்தில் ஜெர்மனி பல நாடுகளாகப் பிரிந்திருந்தது. அவற்றுள் ஒன்றான பாடன் நாட்டின் தலைநகர் கார்ல்ஸ்ரூவில், 1785ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் டிரைஸ் பிறந்தார். தந்தையார் உயர்பதவி வகித்த நீதிபதி. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் கட்டடக்கலையும் பயின்ற டிரைஸ், வனத்துறை அலுவலராகப் பணியாற்றினார். எனினும், அவர் உள்ளம் புதிய பொறிகளிலேயே ஈடுபட்டிருந்தது.

1815ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. வானில் பரவிய அதன் துகள்கள் கதிரொளியைத் தடுத்தன. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையிலும் குளிர் நிலவியது, பயிர்கள் பொய்த்தன, தீவனமின்றிக் குதிரைகள் மடிந்தன. குதிரையின்றிப் பயணம் செய்யும் வழியை டிரைஸ் தேடியதற்கு இப்பஞ்சமே தூண்டுகோல் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

ஒன்றன்பின் ஒன்றாக இரு சக்கரங்கள், அவற்றை இணைக்கும் நீண்ட மரச்சட்டம், மெத்தென்ற இருக்கை, முன்சக்கரத்தைத் திருப்பும் கைப்பிடி ஆகியவற்றைக் கொண்டு அவர் தம் வண்டியை அமைத்தார். வலிமையும் வளைந்து கொடுக்கும் தன்மையும் உடைய ஆஷ் மரம் இதற்கு ஏற்றதாயிற்று. நம் மாட்டுவண்டியில் உள்ளதைப் போலவே இதன் சக்கரத்திலும் குடம், ஆரக்கால், வட்டை ஆகியவை மரத்தால் அமைந்தன. வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டை இடப்பட்டது. சக்கரம் எளிதில் சுழலப் பித்தளைப் பூண் உதவியது. வண்டியின் எடை ஏறத்தாழ 22 கிலோகிராம்.

1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், டிரைஸ் மன்ஹைம் நகரிலிருந்து புறப்பட்டார். இருக்கையில் அமர்ந்து, கால்களால் தரையை மாறிமாறி உந்தி, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவு சென்று திரும்பினார். செங்கோட்டையிலிருந்து இந்தியா கேட் செல்லும் தொலைவைவிட அது சற்றே மிகுதி. போகவர ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆயிற்று. வண்டி சாயும் பக்கமாகவே முன்சக்கரத்தைத் திருப்பினால் அது விழாது என்னும் உண்மை அன்று மெய்ப்பிக்கப்பட்டது. மரத்தைவிட இவ்வுண்மையே அவரது பெரிய கண்டுபிடிப்பு.

1818ஆம் ஆண்டு பாடன் அரசு அவருக்குக் காப்புரிமையும் பேராசிரியர் பட்டமும் அளித்தது. ஆனால், கரடுமுரடான சாலைகளைத் தவிர்த்துப் பலரும் நடைபாதையில் வண்டியைச் செலுத்தினர். நடப்போர்க்கு இடையூறு நேர்ந்ததால் பல நகரங்கள் அதற்குத் தடை விதித்தன; அவற்றுள் நம் நாட்டின் கல்கத்தாவும் ஒன்று. வண்டியின் புகழ் விரைவில் மங்கியது. ஆயினும் டிரைஸ் ஓயவில்லை. தட்டச்சுப் பொறி போன்ற பிற கருவிகளையும் உருவாக்கினார்.

மக்களாட்சியை விரும்பிய அவர், 1849ஆம் ஆண்டு புரட்சியின்போது தம் பிரபுப் பட்டத்தைத் துறந்தார். புரட்சி ஒடுக்கப்பட்டதும் அவரது ஓய்வூதியம் பறிக்கப்பட்டது. 1851ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் வறுமையில் மறைந்தார்.

1860களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தோடு மிதிகள் பொருத்தப்பட்டன. பின்னர் மரம் எஃகாயிற்று. இரும்புப் பட்டையின் இடத்தில் இரப்பர் வந்தது. டிரைஸ் கண்ட சமநிலை மட்டும் மாறவில்லை. இன்று பூங்காக்களில் மழலையர் காலால் உந்திப் பழகும் மிதியில்லா வண்டி, அவர் அமைத்த வண்டியின் சிறு வடிவமே.

அருஞ்சொற்பொருள்
குடம் – சக்கரத்தின் நடுப்பகுதி
வட்டை – சக்கரத்தின் வெளிவளையம்
ஆரக்கால் – குடத்தையும் வட்டையையும் இணைக்கும் கட்டை
பூண் – வளைய வடிவ உறை

சிந்தித்து எழுதுக
1. டிரைஸின் வண்டியை மிதிவண்டி என்று அழைப்பது பொருந்துமா? காரணம் தருக.
2. வண்டியைத் தடைசெய்த நகரங்களின் முடிவு சரியானதா? உம் கருத்தை எழுதுக.