ஜாக்குலின் ஹில் அம்மையார்: பள்ளியை இழந்த சிறுமி ஆசிரியையாக விளங்கிய வரலாறு

கல்விப் பணிக்கென அமைந்த ஒரு கழகம், தன் வெள்ளி விழா மலரில் இங்கிலாந்து நாட்டுத் தொலைக்காட்சி நடிகை ஒருவரின் வாழ்க்கையை வெளியிடுவது ஏன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். அவர் பதினான்காம் வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். தம்பி படிக்க வேண்டும் என்பதற்காக நிறுத்தப்பட்டவர். நம் தெருக்களில் இச்செய்தியை அறியாத வீடு இல்லை. அச்சிறுமியே பிற்காலத்தில் ஒரு நாட்டின் சிறுவர் சிறுமியர் சனிக்கிழமைதோறும் காத்திருந்து கண்ட ஆசிரியையாக விளங்கினார். ஆதலின் அவர் வரலாறு நாம் அறியத்தக்கதே.

பிறப்பும் இளமையும்

ஜாக்குலின் ஹில் 1929ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், தொழிற்சாலைகள் நிறைந்த பர்மிங்காம் மாநகரில் பிறந்தார். நடை பயிலும் பருவத்திலேயே பெற்றோரை இழந்த அவர், பாட்டன் பாட்டியரிடம் வளர்ந்தார். அந்நாளில் இங்கிலாந்தில் கட்டாயக் கல்வி பதினான்கு வயதோடு முடிவுற்றது. அதற்குமேல் பயில்வது பெரும்பாலும் வசதி படைத்தோர்க்கே இயன்றது. அரசு நடத்திய உயர்நிலைப் பள்ளிகளில் கட்டணத்தை நீக்கிய கல்விச் சட்டம் 1944இல்தான் நிறைவேறியது. கட்டாயக் கல்வியின் வயது பதினைந்தாக உயர்ந்தது 1947இல். ஜாக்குலினுக்குப் பதினான்கு வயது நிறைந்தது 1943ஆம் ஆண்டின் இறுதியில். சட்டம் சற்றே காலந்தாழ்ந்து வந்தது. இருவரையும் படிக்க வைக்க இயலாத குடும்பம், இளையவனாகிய தம்பியைப் படிக்க விட்டு, மூத்தவளை வேலைக்கு அனுப்பியது.

அவர் சேர்ந்தது புகழ்பெற்ற கேட்பரி சாக்கலேட் தொழிற்சாலை. குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவைச் சேர்ந்த கேட்பரி குடும்பத்தார், தொழிலாளர்க்கு நல்ல வீடுகளும் விளையாட்டிடங்களும் அமைத்ததோடு, இளம் தொழிலாளர் வேலை நேரத்திலேயே வகுப்புக்குச் சென்று பயிலவும் வழிசெய்தவர்கள். பெண்கள் மேலும் பயில்வதையும் அவர்கள் ஆதரித்தனர். அச்சூழலில்தான் ஜாக்குலினின் நடிப்புத் திறன் பிறர் கண்ணில் பட்டது. இலண்டனில் உள்ள அரச நாடகக் கலைப் பயிலகத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்குமாறு அவரை ஊக்கினர். பதினாறாம் வயதில் அவர் அவ்வுதவித்தொகையைப் பெற்றார்.

இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். திறமை இருந்தால் எப்படியும் முன்னுக்கு வந்துவிடலாம் என்று எளிதாகக் கூறிவிடுவோர் உண்டு. ஜாக்குலினிடம் திறமை பதினான்காம் வயதிலும் இருந்தது. ஆயினும் பள்ளிக் கதவு மூடப்பட்டது. பதினாறாம் வயதில் வேறொரு கதவு திறந்ததற்கு அவர் திறமையோடு, ஊக்கிய நெஞ்சங்களும் உதவித்தொகையும் காரணம். இம்மூன்றில் பின்னிரண்டும் கிட்டாமையால் மறைந்துபோன சிறுமியரின் பெயர்களை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை.

நடிப்புத் துறையில்

பயிற்சி முடித்தபின் இலண்டன் நாடக மேடையிலும், பின்னர் வளர்ந்து வந்த தொலைக்காட்சியிலும் அவர் நடித்தார். 1957இல் பி.பி.சி. நிறுவனம், வீழ்ச்சியுற்ற குத்துச்சண்டை வீரன் ஒருவனைப் பற்றிய நாடகத்தை ஒளிபரப்ப முனைந்தது. கனடா நாட்டவரான ஆல்வின் ரேக்காஃப் அதன் இயக்குநர், ஜாக்குலின் கதாநாயகி. தலைமை வேடம் ஏற்கவிருந்த அமெரிக்க நடிகர் கடைசி நேரத்தில் வர இயலாமற் போயிற்று. அப்போது பெயர் பெறாத இளைஞர் ஒருவரை அவ்வேடத்திற்கு எண்ணிப் பார்க்குமாறு இயக்குநரிடம் கூறியவர் ஜாக்குலின். அவ்விளைஞர் சான் கானரி. ஐந்தாண்டுகளுக்குப் பின் ஜேம்ஸ் பாண்டாக உலகப் புகழ் எய்திய அவருக்கு, முதல் பெரிய தொலைக்காட்சி வேடம் இவ்வாறு கிட்டியது. மறு ஆண்டு, 1958இல், ஜாக்குலினும் ரேக்காஃபும் மணம் புரிந்தனர்.

ஆசிரியை பார்பரா

1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி கொலையுண்டதற்கு மறுநாள், பி.பி.சி.யில் ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைகதைத் தொடர் தொடங்கிற்று. காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் ஊர்தியில் பயணம் செய்வோரின் கதை அது. சிறுவர்க்கு வரலாறும் அறிவியலும் புகட்டுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதனால் பயணிகளுள் இருவர் பள்ளி ஆசிரியர்களாக அமைந்தனர். வரலாற்று ஆசிரியை பார்பரா ரைட்டாக ஜாக்குலினும், அறிவியல் ஆசிரியராக வில்லியம் ரசலும் நடித்தனர். முதிய பயணியாகிய டாக்டர் வேடம் வில்லியம் ஹார்ட்னெலுடையது.

இத்தொடரை உருவாக்கியோரையும் நாம் அறிதல் நன்று. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது வயது இருபத்தேழு. அந்நிறுவனத்தின் நாடகப் பிரிவில் அவரே அந்நாளில் ஒரே பெண் தயாரிப்பாளர். முதற் கதையை இயக்கிய வாரிஸ் உசேன் நம் நாட்டின் இலக்னோ நகரில் பிறந்தவர். வயது இருபத்து நான்கு. வெள்ளை ஆடவரே உயர்பொறுப்புகளில் நிறைந்திருந்த நிலையத்தில் ஒரு பெண்ணும் ஓர் இந்திய இளைஞரும் முன்நிற்க, ஆலையிலிருந்து வந்த பெண் ஆசிரியையாக நடிக்க, அத்தொடர் பிறந்தது.

வாரந்தோறும் நான்கு நாள் ஒத்திகை, வெள்ளிக்கிழமை ஒளிப்பதிவு என்பது நடைமுறை. முதற் பருவம் மட்டும் 42 வாரங்கள் நீடித்தது. படக்கருவியை நிறுத்தி நிறுத்தி எடுக்கும் வசதி மிகக் குறைவு; ஏறக்குறைய மேடை நாடகம் போலவே தொடர்ந்து நடித்தாக வேண்டும். அந்நெருக்கடியில் பார்பராவை அச்சத்தால் அலறும் பெண்ணாக மட்டும் விட்டுவிடாமல், சிந்திக்கும் பெண்ணாகவும் அவர் நிலைநிறுத்தினார். ஒரு கதையில், ஊர்தி பழுதுற்றபோது டாக்டர் ஆசிரியர் இருவர் மீதும் பழி சுமத்துகிறார். பார்பரா அஞ்சாமல் அவரை எதிர்த்து நின்று கடிந்துரைக்கிறார். பழுதின் குறிப்புகளை ஒவ்வொன்றாகக் கோத்து உண்மையை உணர்பவரும் அவரே. இறுதியில் முதியவர் வருத்தம் தெரிவிக்கிறார்.

அவர் நடிப்பின் சிகரம் 1964 மே, சூன் திங்களில் வெளிவந்த ‘அசுட்டெக்குகள்’ என்னும் நான்கு பகுதிக் கதை. பழைய மெக்சிகோவில் பார்பராவைக் கடவுள் தன்மை கொண்ட பூசாரியின் மறுபிறவி என்று மக்கள் எண்ணிவிடுகின்றனர். அந்த அதிகாரத்தைக் கொண்டு நரபலியை ஒழித்துவிட அவர் முனைகிறார். வரலாற்றை மாற்ற இயலாது என்று டாக்டர் எச்சரித்தும் அவர் கேட்கவில்லை. பலியை அவர் தடுக்கிறார். ஆனால், பலியாக வேண்டியவனோ தன் பெருமை பறிபோயிற்று என்று வெகுண்டு தானே குதித்து மாய்கிறான். பலி கேட்கும் பூசாரி மேலும் வலுவடைகிறான். இறுதியில் பார்பரா தோற்கிறார். ஆயினும் அறிவுத்துறைப் பூசாரி ஒருவர் மட்டும் உண்மை உணர்ந்து, பழைய நம்பிக்கையைத் துறந்து வெளியேறுகிறார்.

கடவுளின் பெயரால் நடக்கும் கொடுமை, அதற்கு ஆளானவன் நெஞ்சிலேயே பெருமையாக வேரூன்றிவிடும் என்பதை நாம் நன்கறிவோம். மேலிருந்து இடும் ஒரே கட்டளையால் அதனை அகற்ற முடிவதில்லை. ஒவ்வொருவராகச் சிந்திக்கத் தொடங்கவேண்டியிருக்கிறது. அந்த ஆசிரியையின் தோல்வியையும், அதனூடே கிட்டிய சிறு வெற்றியையும் ஜாக்குலின் மிகையின்றி நடித்துக் காட்டினார். அவர் நடித்த வேறு சில பகுதிகளைப் பி.பி.சி. நிறுவனம் பிற்காலத்தில் அழித்துவிட்டது. இக்கதை நல்வாய்ப்பாக முழுமையாக எஞ்சியுள்ளது.

பிற்கால வாழ்வு

பதினாறு கதைகளில் நடித்தபின், 1965 சூன் 26ஆம் நாள் ஒளிபரப்பான பகுதியோடு அவரும் ரசலும் தொடரிலிருந்து விலகினர். அதன்பின் சில ஆண்டுகள் இரு குழந்தைகளை வளர்ப்பதற்காக நடிப்பை விட்டு ஒதுங்கியிருந்தார். 1978இல் கணவர் இயக்கிய ‘ரோமியோவும் ஜூலியத்தும்’ தொலைக்காட்சி நாடகத்தில் ஜூலியத்தின் தாயாக நடித்தார். 1980இல் ‘டாக்டர் ஹூ’ தொடருக்கே வேறொரு வேடத்தில் திரும்பினார். இம்முறை அவர் ஏற்றது, அறிவியலை வெறுத்து டாக்டரையே பலியிட ஆணையிடும் மதத்தலைவியின் வேடம். அத்தலைவியும் முடிவில் பிறர் ஒருவரைக் காக்கத் தன் உயிரை ஈகிறாள்.

புற்றுநோய்க்கு ஆளான அம்மையார் 1993ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள், அறுபத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அவர் தொடங்கி வைத்த தொடர் முப்பதாண்டு நிறைவு எய்த அப்போது ஒன்பது திங்களே எஞ்சியிருந்தன. ஐம்பதாண்டு நிறைவை ஒட்டி, 2013இல் தொடரின் தோற்றத்தை விளக்கும் திரைக்கதை ஒன்றைப் பி.பி.சி. ஒளிபரப்பியபோது, அதில் அம்மையாரும் ஒரு பாத்திரமாக இடம்பெற்றார்.

நாம் கொள்ளத்தக்கது

அம்மையாரின் வாழ்வைக் காட்டி, பள்ளியை விட்டாலும் பெண் முன்னேறிவிடுவாள் என்று எவரும் ஆறுதல் கூறிக்கொள்ள வேண்டா. அவர் இழந்த பள்ளி ஆண்டுகளை எந்தப் புகழும் திருப்பித் தரவில்லை. தம்பி படித்ததும் தவறன்று. ஒருவர் படிக்க மற்றவர் நிற்க வேண்டும் என்ற நிலையே தவறு. அந்நிலையை மாற்றுவதற்கென்றே உதவித்தொகையும் விடுதியும் மாலை வகுப்பும் வேண்டும் என்கிறோம். நம் கழகத்தின் பணியும் அதுவே. மகனைச் சேர்க்க வரும் பெற்றோரிடம், வீட்டில் மகள் உண்டா, அவள் எவ்வகுப்பில் பயில்கிறாள் என்று கேட்பதை நம் கழகத்தார் ஒவ்வொருவரும் கடமையாகக் கொள்வோமாக.