சணலை முறுக்கி அலையைத் திருப்பியவர்

மைக்ரோவேவ் லேப்ல கிளைஸ்ட்ரான் பெஞ்ச் முன்னால நின்னிருப்பீங்க. வேவ்கைடு முனையில் புனல் மாதிரி ஒரு ஹார்ன் ஆன்டெனா இருக்கும். மீட்டர் முள் அசையலேன்னா, செட் சரியில்லேன்னு சொல்லிட்டுப் பக்கத்து பேட்ச் ரீடிங்கைப் பாத்து எழுதிருவோம். நானும் எழுதியிருக்கேன் மக்களே. அதே மாதிரிப் புனலை 1890-களிலேயே கல்கத்தாவில் செய்து பயன்படுத்தியவரைப் பற்றிப் படித்த பிறகு, கொஞ்சம் வெக்கமாப் போச்சு. அவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. ஒழுங்காகப் பாடம் நடத்திக்கொண்டு, சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்ல, மூணு வருசம்! அப்பாவுக்குக் கடன் இருந்த நேரம் அது. 1887-ல் அபலாவைக் கல்யாணமும் செய்துகொண்டார். அபலா நம்ம சென்னையில் மருத்துவம் படிக்க வந்தவர். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

ஆராய்ச்சிக்கு லேப் கிடையாது. கிடைத்தது 24 சதுர அடியில் ஒரு அறை. ஒரு தகர வேலைக்காரரைக் கூட வைத்துக்கொண்டு, கருவிகளைத் தானே செய்யத் தொடங்கினார். அது 1894.

மின்காந்த அலை உண்மையிலேயே இருக்கிறது என்று ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் 1888-க்குள் காட்டிவிட்டார். ஆனால் அவர் அலைநீளம் சுமார் 66 சென்டிமீட்டர். அது ஒளி மாதிரி வளைகிறதா என்று பார்க்க, அரை டன்னுக்கு மேல் எடையுள்ள கீல் பிரிசம் தேவைப்பட்டது. இங்கேதான் போஸின் மூளை. கருவியைப் பெரிசாக்க இடமில்லை, அதனால அலையைச் சிறிதாக்கினார். 5 மில்லிமீட்டர் வரை கொண்டுவந்தார். இன்றைய கணக்கில் சுமார் 60 கிகாஹெர்ட்ஸ், அதாவது நாம இப்போ பேசுற மில்லிமீட்டர் வேவ். மொத்தக் கருவியும் ஒரு மேசையில் அடங்கிவிட்டது.

போலரைசருக்கு என்ன செய்தார் தெரியுமா? பிராட்ஷா ரயில் கால அட்டவணைப் புத்தகம்! பக்கங்களுக்கு இடையே ஈயத்தாளைச் செருகினார். தாளுக்கு இணையான அதிர்வு தடைபட்டது, செங்குத்தான அதிர்வு கடந்துபோனது. பிறகு சணலை முறுக்கி அலையின் பாதையில் வைத்தார். வலப்பக்கம் முறுக்கினால் அலையின் அதிர்வுத் தளம் ஒரு பக்கம் திரும்பும், இடப்பக்கம் முறுக்கினால் மறுபக்கம் திரும்பும். சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்புவதுபோல. இன்று மெட்டாமெட்டீரியல் படிப்பவர்கள் இந்தச் சணலிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கல்கத்தா டவுன் ஹாலில் சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தை வெடிக்க வைத்தார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அந்தக் கருவியை இயக்கிக் காட்டினார். 1900-ல் பாரிஸ் இயற்பியல் மாநாட்டில் அவர் பேசியபோது அந்த நகரில் இருந்து பெருமைப்பட்டவர், 1892-ல் நம்ம கன்னியாகுமரிப் பாறையில் தியானம் செய்த விவேகானந்தர்.

ரேடியோவைக் கண்டுபிடித்தது போஸ்தான், மார்க்கோனி திருடிட்டார்னு வாட்ஸப்பில் வரும். அப்படி எளிதா முடிக்க முடியாது. மார்க்கோனிக்குத் தூரம் வேணும், செய்தி போகணும். போஸுக்கு அலையின் குணம் தெரியணும். 1899-ல் அவர் வெளியிட்ட பாதரசக் கோஹியரரைப் போன்ற ஒன்றுதான் 1901-ல் மார்க்கோனியின் அட்லாண்டிக் சோதனையில் பயன்பட்டது. போஸ் காப்புரிமை தேடவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் கலீனா டிடெக்டருக்கு மட்டும் 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதையும் அவர் பணமாக்கவில்லை. அது சரியா தப்பான்னு நம்ம ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போடலாம்.

பிறகு செடிகளின் பக்கம் போனார். 1917-ல் போஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் கிரிதியில் காலமானார்.

அடுத்த லேப்ல முள் அசையலேன்னா, ஹார்னைக் கொஞ்சம் திருப்பிப் பாப்போம். ரீடிங் நம்மளோடதா இருக்கட்டும்.